மூளையின் இரு கைகள்: வளர்ச்சி ஹார்மோன் சுரப்பு நெறிப்படும் விதம்

1. ஒரு சீட்டும் ஒரு கேள்வியும்

பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லையே என்று கவலைப்படும் பெற்றோர் சிலர், மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆய்வகத்துக்குப் போய் வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்த்துவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு இரத்தம் எடுப்பார்கள். மாலையில் கைக்கு வரும் சீட்டில், ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் என்று இருக்கும். வீட்டில் அன்று சோறு இறங்காது. அதே பிள்ளை அன்றிரவு அயர்ந்து உறங்கும் முதல் மணி நேரத்தில் இரத்தம் எடுத்திருந்தால், அந்த எண் ஐம்பது மடங்கு கூடியிருக்கக்கூடும். இரண்டு எண்ணும் சரியானவைதான். ஆய்வகத்தின் மேல் குறையில்லை, பிள்ளையின் சுரப்பியின் மேலும் குறையில்லாமல் இருக்கலாம்.

ஓர் உடலில் ஒரே நாளில் இத்தனை ஏற்ற இறக்கம் எதனால்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், சுரப்பியைத் தாண்டி மூளைக்குள் போக வேண்டியிருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அதைச் செய்து சேமித்து வைப்பது பிட்யூட்டரியின் முன்மடலில் உள்ள செல்கள். எந்த நிமிடத்தில், எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதை முடிவுசெய்வது அதற்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ். அங்கிருந்து இரண்டு சேதிகள் இறங்குகின்றன; ஒன்று 'விடு' என்பது, மற்றது 'பொறு' என்பது. பாடநூல்கள் முதலாவதற்கு முதன்மை தந்து, இரண்டாவதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. வளர்ச்சியின் தாளத்தை அமைப்பதில் தடுக்கும் கைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தண்டில் ஓடும் இரத்தம்

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவு, அரை கிராம் எடை. மண்டையோட்டின் அடியில், குதிரைச் சேணம் போல் குழிந்த எலும்பில் அமர்ந்து, மெல்லிய தண்டு ஒன்றால் மூளையிலிருந்து தொங்குகிறது. தைராய்டு, அட்ரீனல், சூலகம், விரை எல்லாம் இதன் சொல்லைக் கேட்டு நடப்பதால் 'தலைமைச் சுரப்பி' என்ற பட்டம் கிடைத்தது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த பட்டம் அது. ஆனால் உடற்கூற்றியலாளர்களை ஒரு சிக்கல் நெடுநாள் அலைக்கழித்தது. முன்மடலுக்குள் மூளையிலிருந்து போகும் நரம்பு இழைகள் ஏறக்குறைய இல்லை. கம்பி இல்லாத இடத்துக்குக் கட்டளை எப்படிப் போகும்?

1930இல் போபா, ஃபீல்டிங் என்ற இருவர் அந்தத் தண்டின் வழியே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை விவரித்தனர். இரு முனையிலும் தந்துகிகளாகப் பிரியும் குழாய்கள் அவை. கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையைப் போன்ற அமைப்பு. ஆனால் இரத்தம் சுரப்பியிலிருந்து மூளையை நோக்கி மேலேறுவதாக அவர்கள் கருதினர். 1935இல் அர்ஜென்டினாவில் ஹூசாய் குழுவினர் உயிருள்ள தேரையில் அந்தக் குழாய்களைப் பார்த்தபோது, இரத்தம் கீழ்நோக்கி ஓடுவது தெரிந்தது. மூளையைத் தொட்டு வரும் இரத்தம் சுரப்பியில் போய் விழுகிறது. ஓட்டத்தின் திசை மாறியதும் துறையின் திசையும் மாறிவிட்டது.

அந்த ஓட்டத்துக்குப் பொருள் சொன்னவர் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ். தண்டை வெட்டினால் சுரப்பி செயலிழக்கிறது; சில விலங்குகளில் மீண்டும் செயல்படத் தொடங்குகிறது. ஏன் இந்த வேறுபாடு? வெட்டிய முனைகளுக்கிடையே இரத்தக் குழாய்கள் மறுபடி முளைத்து இணைந்துவிடுகின்றன என்று ஹாரிஸ் கண்டார். எனவே முனைகளுக்கு நடுவே மெழுகுத் தாள் துண்டு ஒன்றைச் செருகினார். குழாய் இணையவில்லை, செயலும் திரும்பவில்லை. 1952இல் யாக்கப்சனுடன் சேர்ந்து, எலிகளின் பிட்யூட்டரியை எடுத்து ஹைபோதலாமஸுக்கு நேர் கீழே நட்டார். அது மீண்டும் வேலை செய்தது. மூளையின் வேறோர் இடத்துக்கு அடியில் நட்டபோது, உயிரோடு இருந்தும் வேலை செய்யவில்லை. 'தலைமை' இருக்கும் இடம் எது என்று காட்ட இதைவிட நேரான சோதனையை நான் அறியேன். அவர் அதிகம் ஆராய்ந்தது இனப்பெருக்க ஹார்மோன்களை. வளர்ச்சிக்கும் அது பொருந்தும் என்பதை 1960இல் சீமோர் ரைக்லின் காட்டினார். ஹைபோதலாமஸில் காயம் ஏற்படுத்தப்பட்ட எலிகள் வளர்ச்சி குன்றின.

இன்று நமக்குத் தெரிந்த அமைப்பு இது. ஹைபோதலாமஸின் அடித்தளத்தில் வில் போல் வளைந்த ஒரு நரம்புத் திரளில் 'விடு' என்னும் செல்கள் உள்ளன. மூளையின் மூன்றாம் அறையின் சுவரை ஒட்டினாற்போல் 'பொறு' என்னும் செல்கள் உள்ளன. இரண்டின் இழைகளும் தண்டின் தலைப்பகுதியில் வந்து முடிந்து, அங்குள்ள தந்துகிகளில் தம் சரக்கைக் கொட்டுகின்றன. சில மில்லிமீட்டர் பயணம்தான். உடல் முழுக்கச் சுற்றும் இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும் முன், மிகச் சிறிய அளவு சரக்கு அடர்த்தியாகவே சுரப்பியை எட்டிவிடுகிறது. வாய்க்காலில் வந்த நீர் நேரே பாத்தியில் பாய்வது போல.

3. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

வளர்ச்சி ஹார்மோனை விடுவிக்கும் பொருள் ஹைபோதலாமஸில் இருந்தே தீர வேண்டும் என்று 1960களில் பலரும் நம்பினர். அதைப் பிரித்தெடுக்க, பின்னர் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்துக்கு மாறிய ரோஜர் கீய்மன் குழுவும் நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஷாலி குழுவும் போட்டியிட்டன. கீய்மனுக்கு ஆட்டு மூளை, ஷாலிக்குப் பன்றி மூளை. இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சக்கணக்கான மூளைத் துண்டுகள் உறைபனியில் வந்து இறங்கின. அத்தனையையும் அரைத்து வடித்தால் மில்லிகிராம் கணக்கில் ஏதாவது தேறும்.

சால்க் ஆய்வகத்தில் பால் பிரசோ ஆட்டு ஹைபோதலாமஸ் சாற்றை எலிப் பிட்யூட்டரி செல்களின் மேல் விட்டுப் பார்த்தார். ஹார்மோன் கூட வேண்டும், குறைந்தது. மறுபடி செய்தார், மறுபடியும் குறைந்தது. வேறு ஆய்வாளராக இருந்தால் சாறு கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். இவர்கள் குறைவையே பின்தொடர்ந்தனர். 1973இல் 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வளையத்தின் அமைப்பு வெளியாயிற்று. அதற்கு 'சொமட்டோஸ்டாட்டின்' என்று பெயரிட்டனர். உடலை நிறுத்தி வைப்பது என்பது பொருள். இப்படியொரு தடுப்புப் பொருள் இருக்கலாம் என்று க்ருலிச் என்ற ஆய்வாளர் 1968இலேயே ஹைபோதலாமஸ் சாற்றைக் கொண்டு சொல்லியிருந்தார். கீய்மனும் ஷாலியும், ஹார்மோன்களை நுண்ணளவில் அளக்கும் கதிரியக்க முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். விடுவிக்கும் பொருள் அப்போதும் கைக்கு வரவில்லை என்பதை இங்கே குறிக்க வேண்டும்.

சொமட்டோஸ்டாட்டின் செயல்படும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது பிட்யூட்டரி செல்லின் வாசலை அடைக்கிறது. உள்ளே நடக்கும் உற்பத்தியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. செல்லுக்குள் ஹார்மோன் துணுக்குகளில் நிரம்பிக்கொண்டே இருக்கும். தடை நீங்கும் கணத்தில், சேர்ந்திருந்தது அலையாக வெளியே பாய்கிறது. ஆக, பொறுக்கச் சொல்லும் கை அடுத்த பாய்ச்சலுக்குச் சரக்கையும் சேர்த்து வைக்கிறது. இது இல்லாமல் 'விடு' என்னும் சேதி மட்டும் ஓயாமல் ஒலித்தால், ஹார்மோன் சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டிருக்கும், அலை எழாது.

இரத்தத்தில் இந்தப் பொருள் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கிறது. மருந்தாக்க வேண்டுமானால் அந்த ஆயுளை நீட்ட வேண்டும். எட்டு அமினோ அமிலங்களாகச் சுருக்கி, நொதிகள் எளிதில் வெட்டாதபடி மாற்றிச் செய்த ஆக்ட்ரியோடைட் அப்படிப் பிறந்தது. வளர்ந்த பிறகு கை, கால், தாடை எல்லாம் பருத்துக்கொண்டே போகும் அக்ரோமெகாலி நோயாளிகளுக்கு இன்றும் அது பயன்படுகிறது.

4. கணையத்தில் கிடைத்த முடுக்கி

லட்சக்கணக்கான மூளைகளில் சிக்காத பொருள், மூளைக்கு வெளியே இரண்டு மனிதக் கட்டிகளில் சிக்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோர்னர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். அவருக்கு 21 வயது, அக்ரோமெகாலி. வழக்கம்போலப் பிட்யூட்டரியில் அறுவை செய்தார்கள், நோய் தீரவில்லை. எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் கட்டி இல்லை. செல்கள் எல்லாமே எண்ணிக்கையில் பெருகியிருந்தன. எங்கிருந்தோ யாரோ அவற்றை ஓயாமல் தூண்டிக்கொண்டிருந்தது போல. தேடியபோது கணையத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அதை அகற்றியதும் ஹார்மோன் அளவு இறங்கியது.

அந்தக் கட்டியிலிருந்து சால்க்கைச் சேர்ந்த ரிவியே, வேல் குழுவினர் 40 அமினோ அமிலப் பொருளைப் பிரித்தனர். பிரான்சின் லியோன் நகரத்து நோயாளி ஒருவரின் கணையக் கட்டியிலிருந்து கீய்மன் குழு 44 அமினோ அமில வடிவத்தைப் பிரித்தது. இரண்டும் 1982இல் வெளியாயின. பின்னர் மனித ஹைபோதலாமஸிலும் இதுவே இருப்பது உறுதியாயிற்று. இனி இதை விடுவிப்பு ஹார்மோன் என்று குறிப்பிடுகிறேன்.

இது செல்லின் மேல் உள்ள தன் ஏற்பியில் அமர்ந்ததும், உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகிறது. கால்சியம் உள்ளே நுழைகிறது. ஹார்மோன் துணுக்குகள் வெளியே தள்ளப்படுகின்றன. புதிய ஹார்மோன் எழுதும் மரபணுவும் விழிக்கிறது. சொமட்டோஸ்டாட்டின் இதே பாதையின் மறுமுனையைப் பிடித்து இழுக்கிறது. விடுவிப்பு ஹார்மோன் செல்களை எண்ணிக்கையிலும் பெருக்குகிறது. அந்த இளம்பெண்ணின் பிட்யூட்டரி பருத்திருந்தது அதனால்தான்.

இதன் மறுபக்கத்தைப் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஊர்கள் காட்டுகின்றன. அங்கே நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துவந்த ஒரு பெருங்குடும்பத்தில், வளர்ந்த ஆண்களே சராசரி 130 செ.மீ. உயரம்தான் இருந்தார்கள். உடலமைப்பு அளவொத்தது, அறிவில் குறையில்லை. 1998இல் பாவ்மன், மகேஸ்வரி ஆகியோர் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். விடுவிப்பு ஹார்மோன் ஏற்பியின் மரபணுவில், 72ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்கான குறியீடு 'இத்தோடு நிறுத்து' என்ற குறியீடாக மாறியிருந்தது. மூளை சொல்கிறது, கேட்பதற்குச் செல்லில் காது இல்லை. இதே மாற்றம் இந்தியக் குடும்பம் ஒன்றில் அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் பதிவாகியிருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால், குழந்தை மருத்துவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். இந்தக் குழந்தைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டால் வளர்கிறார்கள். எலும்பின் வளர்முனைகள் மூடும் முன் கண்டுபிடித்தாக வேண்டும்.

5. துடிப்பு

வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் ஒரே அளவில் ஓடுவதில்லை. அலையாக எழுந்து, ஏறக்குறைய இல்லாமல் போய், மறுபடி எழுகிறது. விடுபட்ட ஹார்மோனில் பாதி 20 நிமிடங்களுக்குள் மறைந்துவிடுவதால், இரண்டு அலைகளுக்கு நடுவே இரத்தம் வெறிச்சோடிக் கிடக்கும்.

எலியில் இந்தத் தாளம் தெளிவாகத் தெரியும். கனடாவின் குளோரியா டானன்பாமும் ஜோசஃப் மார்ட்டினும் 1976இல், ஆண் எலிகளில் சுமார் 3.3 மணி நேரத்துக்கு ஒருமுறை அலை எழுவதைப் பதிவுசெய்தனர். 1984இல் டானன்பாமும் நிக்கலஸ் லிங்கும், விடுவிப்பு ஹார்மோனும் சொமட்டோஸ்டாட்டினும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் ஒழுங்கில் மாறி மாறிச் சுரக்கின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தனர். விடுவிப்பு ஹார்மோனை எதிர்ப்பொருள் கொண்டு முடக்கினால் அலைகள் படுத்துவிடுகின்றன. சொமட்டோஸ்டாட்டினை முடக்கினால் அலைகளுக்கிடையே உள்ள பள்ளம் மேடாகிறது. அலையின் உயரத்துக்கு ஒரு கை, பள்ளத்தின் ஆழத்துக்கு இன்னொரு கை. மனிதரில் இந்தக் கடிகாரம் இத்தனை கறாராக இல்லை. உணவு, உறக்கம், ஓட்டம் எல்லாம் குறுக்கிடுகின்றன.

பள்ளத்துக்கும் பொருள் உண்டு என்பதைப் பெண் எலிகள் காட்டுகின்றன. அவற்றில் அலைகள் தாழ்ந்தும் பள்ளங்கள் மேடிட்டும் இருக்கின்றன. கல்லீரல் இந்த வேறுபாட்டை வாசித்து, ஆணுக்கு ஒருவகை நொதிகளையும் பெண்ணுக்கு வேறுவகை நொதிகளையும் செய்கிறது. ஹார்மோன் இல்லாத இடைவெளியும் கல்லீரலுக்கு ஒரு சேதியாகவே போய்ச் சேருகிறது. தடுக்கும் கைக்கு நான் தரும் முதன்மைக்கு இது வலுவான சான்று.

முதலில் சொன்ன சீட்டுக்கு இப்போது திரும்பலாம். ஒற்றை மாதிரியை நம்ப முடியாது என்பதால், மருத்துவர்கள் மூளையைத் தூண்டிவிட்டு அளக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையின் புறங்கையில் காலையில் ஊசிக்குழாய் போட்டு, முதல் இரத்தம் எடுக்கப்படுகிறது. பிறகு உடலளவுக்கேற்ற குளோனிடின் மாத்திரை. இது இரத்த அழுத்த மருந்து. மூளைக்குள் விடுவிப்பு ஹார்மோனைக் கூட்டுகிறது. அரை மணிக்கொரு முறை அதே குழாயிலிருந்து சில மில்லிலிட்டர் எடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை கண் சொக்கித் தாயின் மடியில் சாய்ந்துவிடும். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார். வரும் எண்களில் மிக உயர்ந்தது எது என்பதே முக்கியம். ஒரு சோதனையில் உயரவில்லை என்றால் வேறொரு மருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லையெனில் விடை பொய்க்கும். இத்தனைக்கும் முன்னால், உயரத்தை ஆறு மாத இடைவெளியில் இருமுறை சரியாக அளந்து பார்ப்பது எந்தச் சீட்டையும்விடப் பயன் தரும்.

6. திரும்பி வரும் சேதி

வளர்ச்சி ஹார்மோன் எலும்பை நீட்டுவதில் பெரும்பகுதியை வேறொரு பொருள் மூலமாகச் செய்கிறது. சால்மன், டாவ்டே ஆகியோர் 1957இல் இதன் தடத்தைக் கண்டனர்; இன்று ஐ.ஜி.எஃப்.-1 என்கிறோம். கல்லீரலும் மற்றத் திசுக்களும் செய்யும் இது, இரத்தத்தில் துணைப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஏற்ற இறக்கமின்றி ஓடுகிறது. அதனால் இதை ஒருமுறை அளந்தாலே பயன் உண்டு.

ஐ.ஜி.எஃப்.-1 பிட்யூட்டரிக்கும் ஹைபோதலாமஸுக்கும் திரும்பிப் போய், போதும் என்று சொல்கிறது. வளர்ச்சி ஹார்மோனே மூளையை எட்டி, சொமட்டோஸ்டாட்டின் செல்களைத் தூண்டித் தனக்குத் தானே தடை போட்டுக்கொள்வதும் உண்டு. இந்தத் திரும்பு வழி அறுந்தால் என்னாகும் என்பதை இஸ்ரேலின் ஸ்வீ லரோன் 1966இல் விவரித்த குழந்தைகளில் காணலாம். உயரம் மிகக் குறைவு. இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனோ மிக அதிகம். ஹார்மோனை ஏற்கும் ஏற்பி பழுது என்பதால் ஐ.ஜி.எஃப்.-1 உருவாகவில்லை, போதும் என்று சொல்ல ஆளில்லாமல் மூளை 'விடு, விடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

7. வயிற்றின் குரல்

1963இல் ராத், கிளிக், யாலோ, பெர்சன் ஆகியோர், இன்சுலின் கொடுத்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தினால் வளர்ச்சி ஹார்மோன் பாய்ந்தெழுவதைக் கண்டனர். குளுக்கோஸ் குடித்தால் அது அடங்குகிறது. அக்ரோமெகாலியை உறுதிசெய்ய 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்ப்பது இதனால்தான். பட்டினியில் அலைகள் பெருகும். ஐந்து நாள் உண்ணா நோன்பிருந்த ஆண்களில், நாளுக்கு சுமார் 6 ஆக இருந்த அலைகள் 10 அளவுக்கு ஏறின. பருமன் உள்ளவர்களில் அவை தாழ்ந்துவிடுகின்றன.

பசித்த உடல் எதற்காக வளர்ச்சி ஹார்மோனை விட வேண்டும்? இந்த ஹார்மோனுக்கு இன்னொரு தொழில் உண்டு. கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்கி, தசையைக் காக்கிறது. பசியில் அந்தத் தொழில் முன்னுக்கு வந்து, வளர்க்கும் தொழில் பின்வாங்குகிறது. கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. கடும் ஊட்டக்குறைவால் வீங்கிப்போன குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் நிறைந்தும் ஐ.ஜி.எஃப்.-1 வறண்டும் இருப்பது இப்படித்தான். அந்தக் குழந்தைக்கு ஹார்மோன் ஊசி வேண்டாம். சோறும் பருப்பும் முட்டையும் வேண்டும்.

மூளைக்கு வயிறு எப்படிப் பேசுகிறது என்பது 1999இல் தெரிந்தது. செயற்கையான சில சிறு பெப்டைடுகள் வளர்ச்சி ஹார்மோனை விடுவிப்பதை சிரில் பவர்ஸ் முன்பே கண்டிருந்தார். 1996இல் அவை அமரும் ஏற்பியும் கிடைத்தது. பூட்டு இருக்கிறது, உடல் தானே செய்துவைத்த சாவி எது? ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் மூளையில் தேடிக் கிடைக்காமல், கடைசியில் எலியின் இரைப்பையில் கண்டெடுத்தனர். 28 அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றாவதின் மேல் ஒரு கொழுப்பமிலம் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். 'வளர்' என்ற பொருளுள்ள பழைய வேர்ச்சொல் ஒன்றிலிருந்து கிரெலின் என்று பெயரிட்டனர். இன்று அது பசி ஹார்மோனாகவே பெயர் பெற்றிருக்கிறது. உணவு வேளைக்கு முன் ஏறி, உண்டதும் இறங்குகிறது.

8. உறக்கம்

1968இல் டகாஹாஷி, கிப்னிஸ், டாவ்டே ஆகியோர் உறங்குவோரின் இரத்தத்தைக் குறித்த இடைவெளிகளில் எடுத்துப் பார்த்தனர். எட்டுப் பேரில் ஏழு பேருக்கு, ஆழ்ந்த உறக்கம் தொடங்கியதுமே ஹார்மோன் 13 முதல் 72 நானோகிராம் வரை உயர்ந்து, ஒன்றரை முதல் மூன்றரை மணி நேரம் நீடித்தது. படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் அலையும் தள்ளிப்போயிற்று. அது சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உறக்கத்தையே பார்த்தது.

வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, கூடவே இந்த அலையும். ஈவ் வான் காட்டர் குழு 149 ஆண்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், 16-25 வயதில் உறக்கத்தில் 18.9 விழுக்காடாக இருந்த ஆழ்நிலை, 36-50 வயதில் 3.4 ஆகச் சரிந்திருந்தது. முதுமை வரும் முன்பே இந்தச் சரிவு நடந்துவிடுகிறது. இதைக் காட்டி நடுவயதுக்காரர்களிடம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி விற்பவர்கள் இருக்கிறார்கள். கணுக்களில் வீக்கம், மூட்டு வலி, சர்க்கரை ஏற்றம் என்று விலை கொடுக்க நேரும் அந்த வணிகத்தை நான் ஏற்கவில்லை. ஊசியில் வருவது ஹார்மோன் மட்டுமே. மூளை அமைக்கும் தாளம் அதில் வராது.

விடுவிப்பு ஹார்மோன் உறக்கத்தையும் ஆழமாக்குகிறது. ஹார்மோன் பாய்வதும் உறக்கம் ஆழ்வதும் ஒரே சேதியின் இரு விளைவுகள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யாங் டான் குழு 2025இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு இந்தச் சுற்றை இன்னும் ஒரு படி நீட்டியது. கனவு காணும் உறக்கத்தில் இரு கைகளும் சேர்ந்தே உயர்கின்றன. கனவற்ற உறக்கத்தில் சொமட்டோஸ்டாட்டின் தாழ, விடுவிப்பு ஹார்மோன் மிதமாக உயர்கிறது. பாதைகள் இரண்டு, விளைவு ஒன்று. அப்படிச் சேர்ந்த வளர்ச்சி ஹார்மோன், மூளைத்தண்டில் விழிப்பைத் தரும் ஒரு நரம்புத் திரளை மெல்லத் தூண்டுகிறது. உறக்கத்தில் பிறந்தது விழிப்பை அழைத்து வருகிறது.

ஓரிரவு பிள்ளை உறங்கவில்லை என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை; மறுநாள் பகலில் அலைகள் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகின்றன.

9. அன்பு குறைந்த வீடு

1948இல் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் ஊட்டச்சத்து ஆய்வாளர் எல்சி விடோசன் இரண்டு அநாதை இல்லங்களின் குழந்தைகளைக் கவனித்தார். ஆறு மாதம் இரண்டிலும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதம் ஓர் இல்லத்துக்கு மட்டும் ரொட்டியும் ஜாமும் ஆரஞ்சுச் சாறும் கூடுதல். கூடுதல் உணவு பெற்றவர்கள் எடை கூட வேண்டும் அல்லவா? அவர்களே பின்தங்கினார்கள். காரணம் தேடியபோது, உணவு கூடிய அதே சமயத்தில் காப்பாளர் மாறியிருந்தது தெரிந்தது. புதிதாக வந்தவர் கடுகடுப்பானவர். சாப்பாட்டு வேளை பார்த்துப் பிள்ளைகளை எல்லார் முன்னிலையிலும் கண்டிப்பவர். பயந்த பிள்ளைகள் அழுதுகொண்டே ஆறிப்போன உணவின் முன் உட்கார்ந்திருந்தன. அவருக்குச் செல்லமான எட்டுப் பிள்ளைகள் மட்டும் நன்றாக வளர்ந்தன. அன்று வளர்ச்சி ஹார்மோனை அளக்க வழியில்லை.

வழி வந்தபின், 1967இல் பால்டிமோரில் பவல், பிரேசல், பிளிசார்ட் ஆகியோர் 13 குழந்தைகளைப் பற்றி எழுதினர். குட்டையாக, வயிறு உப்பி, பிட்யூட்டரி பழுதானவர்களைப் போலவே தோன்றிய அந்தப் பிள்ளைகள் அன்பற்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். தூண்டல் சோதனைகளில் பலருக்கு ஹார்மோன் உயரவில்லை. வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டபோது, ஊசி எதுவும் இல்லாமலேயே வளரத் தொடங்கினர். சோதனையிலும் ஹார்மோன் உயர்ந்தது. சுரப்பி பழுதாகவே இல்லை. அதற்கு மேலே இருந்த மூளை சொல்ல மறுத்திருந்தது.

சேங்கர் குழு 1977இல் வெளியிட்ட ஒரு சிறுவனின் பதிவில் இது எண்களாகவே கிடைக்கிறது. மருத்துவமனையில் சேர்த்தபோது, தூண்டலுக்குப் பின் அவனுடைய ஹார்மோன் அளவு 5.9 நானோகிராம், 20 நாளில் வளர்ச்சி அரை செ.மீ. அங்கே ஒரு நர்ஸுடன் அவன் ஒட்டிக்கொண்டான். நூறு நாளில் ஹார்மோன் 13; 20 நாளுக்கு 1.7 செ.மீ. வளர்ந்தான். அந்த நர்ஸ் விடுமுறையில் போனார். உணவு நாளுக்கு 1,500 கலோரி என்ற அதே அளவில் இருந்தது, சிகிச்சையும் மாறவில்லை. ஹார்மோன் 6.9க்கு இறங்கியது, வளர்ச்சி 0.6 செ.மீ. ஆயிற்று. அவர் விடுமுறை முடிந்து வந்தார். மறுபடி அளந்தபோது 15 நானோகிராம். சிறுவன் 20 நாளில் 1.5 செ.மீ. வளர்ந்திருந்தான்.